ரோலியின் கணையத்துக்கு ஒரு விருந்து

ரோலி குபிஷுக்கு முதல் தடவை அந்த வலி வந்தபோது, அவன் மனைவி மார்லிஸ் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "நல்லா வேணும்" என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணன் லைல் நடத்தும் பாரில் டிவியில் பேக்கர்ஸ் அணியின் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனவனை, ஆட்டம் முடிவதற்குள் இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சோபாவில் போட்டார்கள். அவனால் நிமிரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. முழங்காலை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தான். மேல்வயிற்றில் ஈட்டியைச் செருகி முதுகு வழியாக யாரோ இழுப்பதுபோல் இருக்கிறது என்றான். சொல்லி முடிப்பதற்குள் கம்பளத்தில் வாந்தி எடுத்தான்.

"அந்தக் கடுகு சாஸ்தான்," என்று முனகினான். "லைல் புதுசா ஏதோ கம்பெனி மாத்திட்டான்."

"ஆமா, கடுகுதான்," என்றாள் மார்லிஸ், கார் சாவியைத் தேடிக்கொண்டே. "ஒரு வாளி பிராந்திக்கு நடுவுல நீந்திப் போன கடுகு."

மார்லிஸுக்குக் குடி என்றாலே குமட்டும். அவளுடைய அப்பா நல்ல தச்சர், அதைவிட நல்ல குடிகாரர். பன்னிரண்டு வயதில் அவரை வீட்டு வாசல் பனியிலிருந்து இழுத்து உள்ளே போட்ட அன்றைக்கு முடிவு செய்தவள், இதுவரை ஒரு துளி தொட்டதில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்குப் பக்கம் இப்படி ஒருத்தி இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவர்கள் ஊரான பைக் ரிவரில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் பிராந்தி, கிழவனைப் புதைத்தாலும் பிராந்தி, உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போனாலும் தூண்டிலுக்கு முன்னால் பிராந்தி. ஆரஞ்சுத் துண்டும் செர்ரியும் சர்க்கரையும் சேர்த்து நசுக்கி, மேலே பிராந்தியும் சோடாவும் ஊற்றித் தருகிற ஓல்ட் ஃபேஷன்டைத்தான் அங்கே தாகத்துக்குக் கேட்பார்கள். அத்தனை பேருக்கு நடுவிலும் மார்லிஸ் இஞ்சி சோடாவை ஏந்திக்கொண்டு நிமிர்ந்து நிற்பாள். குடிக்கிறவர்களை அவள் பார்க்கும் பார்வையில் ஐஸ் இன்னும் கொஞ்சம் கெட்டியாகும் என்று லைல் சொல்வான்.

சிகரெட் மட்டும் பிடிப்பாள். பதினாறு வயதில் பிடித்த பழக்கம். அவள் வரவேற்பறையில் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் பின்கதவுக்கு வெளியே நாளைக்குப் பலமுறை போய்வருவாள். அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை. அவளே நினைத்ததும் இல்லை. புகை பிடித்துவிட்டு யாரும் பனியில் விழுந்து கிடப்பதில்லையே.

மருத்துவமனையில் டாக்டர் தோர்சன் என்ற பெண்மணி வந்தார். சிரிப்பதற்குச் சம்பளம் தரவில்லை என்பது போன்ற முகம்.

"மிஸ்டர் குபிஷ், குடிப்பீங்களா?"

"எல்லாரையும் மாதிரிதான்."

"எல்லாரும்னா யாரு?"

"இவங்க அண்ணன் பார்ல இருக்கறவங்க," என்றாள் மார்லிஸ். "அங்க குடிக்காதது சுவத்துல மாட்டியிருக்கற மான் தலை மட்டும்தான்."

"வாரத்துக்கு எவ்வளவு இருக்கும்?"

ரோலி கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டான். "ரெண்டு, மூணு."

"பாட்டில்," என்று முடித்தாள் மார்லிஸ்.

டாக்டர் எழுதிக்கொண்டார். கணையம் வீங்கியிருக்கிறது, ரத்தத்தில் கொழுப்பு கண்டபடி ஏறியிருக்கிறது என்றார். சோற்றையும் கறியையும் கரைப்பதற்காகக் கணையம் சுரக்கிற நீர், குடலுக்குப் போகாமல் உள்ளேயே வேலையை ஆரம்பித்துவிட்டது. உங்கள் கணையம் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது என்று தண்ணீர் குடிப்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அப்புறம் கேட்டார்:

"சிகரெட்?"

"அது உண்டு," என்றான் ரோலி. "ஆனா அது நுரையீரல் சமாச்சாரம் இல்லையா, டாக்டர்?"

"கணையத்துக்கும்தான். தனியா வந்தாலே கெடுக்கும். குடியோட கூட்டு சேர்ந்தா சொல்லவே வேணாம். ரெண்டையும் விடணும். எடையும் குறையணும். பொரிச்சதை எல்லாம் கொஞ்ச நாள் மறந்துடுங்க."

மார்லிஸ் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் 'குடி' என்பது மட்டும்தான் விழுந்தது.

ரோலி நரம்பில் ஏற்றிய மருந்தும் தண்ணீருமாகக் கிடந்து, பிழைத்து, வீடு வந்தான். மாவட்டத்துக்காகப் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவன் அவன்; குளிர்காலம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டில் முடங்கிக் கிடந்தான். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு நோய்க்காரணம் கொண்டுவந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மைக்ரோவேவ்தான் காரணம் என்று சித்தி ஒருத்தி போனிலேயே கண்டுபிடித்தாள். மனக்கவலை என்று பாஸ்டர் மெதுவாகச் சொல்லிவிட்டு மார்லிஸை ஒரு பார்வை பார்த்தார். லைல் மட்டும் ஆராய்ச்சியே செய்திருந்தான்.

"எர்வின் மாமா தொண்ணூறு வரைக்கும் குடிச்சாருடா. அவருக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. இது அந்த சாலட்தான். போன மாசம் நீ சாலட் சாப்பிட்ட, நான் பார்த்தேன்."

"எர்வின் மாமா மாதிரி குடிச்ச மத்தவங்க எல்லாம் அம்பதுலயே போயாச்சு, லைல்," என்றாள் மார்லிஸ். "அவங்க வந்து உன்கிட்ட பேச மாட்டாங்க. அதான் உனக்கு அவர் ஒருத்தரைத்தான் தெரியுது."

டாக்டர் சொன்னதில் கால்வாசியை ரோலி ஏற்றுக்கொண்டான். பிராந்தியை விட்டான். பீருக்கு மாறினான். பீர் குடி இல்லையாம், அது ரொட்டிக்குத் தம்பியாம். பிராந்தியை விட்ட ஏக்கத்துக்குச் சிகரெட்டை இரட்டிப்பாக்கினான். சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் பின்பக்கப் படிக்கட்டில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஊதுவார்கள். அவன் கையிலிருக்கும் பீரைத்தான் அவள் திட்டுவாள். அவன் சிகரெட்டுக்குத் தன் லைட்டரை நீட்டுவாள்.

பிப்ரவரியில் லைல் ஓர் அறிவிப்போடு வந்தான். வேலைக்குப் போகாமல் கிடக்கும் தம்பிக்காகப் பணம் திரட்ட ஓர் உதவி விருந்து வைக்கப் போகிறானாம். ஊரில் யாருக்கு முடியாமல் போனாலும் நடக்கிற வழக்கம்தான். சுவரொட்டிகூட அடித்துவிட்டான். 'ரோலியின் கணையத்துக்காக!' என்று கொட்டை எழுத்து. அதன்கீழே அன்றைக்கு என்னென்ன கிடைக்கும் என்ற விவரம்: பீரில் வேகவைத்த பன்றி சாசேஜ், மாவில் தோய்த்துப் பொரித்த மீன், அதே எண்ணெயில் பொரித்த சீஸ் துண்டுகள், சீட்டு வாங்குகிறவர்களுக்கு இறைச்சிக் குலுக்கலில் பேக்கனும் முழுப் பன்றித் தொடையும், பெரிய பரிசாகக் குழந்தைகள் இழுத்து விளையாடும் சிவப்பு வண்டி நிறையப் பிராந்தி பாட்டில்கள்.

மார்லிஸ் அதை இரண்டு தடவை படித்தாள்.

"லைல், உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? பிராந்தி குடிச்சு விழுந்தவனுக்காகப் பிராந்தியக் குலுக்கிப் போடறியா?"

"பின்ன என்ன, கேரட்டைக் குலுக்கிப் போடட்டுமா? யாரு வருவா?"

உண்மையில் ஒரு நாய்கூட வராது.

"அவன் ஒண்ணும் குடிக்கப் போறதில்ல," என்று சமாதானம் சொன்னான் லைல். "சும்மா உக்காந்து கை குலுக்கினா போதும். சோடா குடுக்கறேன், போதுமா? உனக்கும் குடுக்கறேன், உன் இஞ்சி சோடா. சிரிக்கறவங்களுக்குத்தான் செர்ரி."

அந்தச் சனிக்கிழமை மதியம் லைலின் பார் பிதுங்கி வழிந்தது. எண்ணெய்ப் புகையில் கண்ணாடி எல்லாம் மங்கிவிட்டது. ரோலியை இறைச்சி மேசைக்குப் பக்கத்தில், பன்றித் தொடைகளோடு தொடையாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் அவன் தோளைத் தட்டினார்கள். ஒரு கையில் கிளாஸோடு, மறுகையால் "உடம்பைப் பார்த்துக்கோடா" என்றார்கள். சர்ச் பெண்கள் பொரித்த சீஸைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். "ஒண்ணுதானே, ரோலி. உனக்காகத்தானே செஞ்சோம்."

மார்லிஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கடைக்குள் புகை பிடிக்கச் சட்டம் விடாது. வாசலுக்குப் பக்கத்தில், பனி தள்ளிக் குவித்த மேட்டின் ஓரம் புகைக்கிறவர்கள் கூட்டமாக நின்றார்கள். அவளோடு பள்ளியில் படித்த கோரின் நெருப்புக் கொடுத்தாள்.

"உள்ள ஒரு சர்க்கஸ் நடக்குது பாரு," என்றாள் மார்லிஸ். "தண்ணியில விழுந்தவனைக் காப்பாத்தறேன்னு ஊரே கூடி அவன் வாயில தண்ணி ஊத்துது."

கோரின் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க நேரம் பிடித்தது. "முட்டாப் பயலுங்க," என்று மூச்சு வாங்கினாள். "நமக்கெல்லாம் அந்தக் கேடு இல்லை."

மங்கிய கண்ணாடியைக் கையுறையால் துடைத்து மார்லிஸ் உள்ளே பார்த்தாள். லைல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தம்பியிடம் போனான். கையில் தங்க நிறத்தில் ஓல்ட் ஃபேஷன்ட், மேலே ஒரு செர்ரி. யாரோ மேசையைத் தட்டினார்கள். எல்லோரும் தட்ட ஆரம்பித்தார்கள். ரோலி கிளாஸைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். கண்ணாடியில் துடைத்த வட்டத்துக்குள் பெண்டாட்டியின் முகம் தெரிந்திருக்க வேண்டும். அவளை நோக்கிக் கிளாஸை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு, ஒரே மூச்சில் குடித்தான்.

அவள் உள்ளே போயிருக்கலாம். கதவு நாலு எட்டில் இருந்தது. கிளாஸைத் தட்டிவிடத் தெரியாதவளும் இல்லை. போன வருஷம் கல்யாண வீட்டிலேயே தட்டிவிட்டிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் போகவில்லை. குடிக்கட்டும், விழட்டும், நான் சொன்னது சரி என்று ஊரே பார்க்கட்டும் என்று நினைத்தாள். இன்னொரு சிகரெட்டைப் பற்றவைத்தாள். உள்ளே அடுத்த கிளாஸ் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இறைச்சிக் குலுக்கலில் ரோலிக்கே ஒரு முழுத் தொடை விழுந்தது. அது தற்செயல் என்று லைல் இன்றுவரை சாதிக்கிறான். அதை வாங்க எழுந்தவன், தொடையை மார்போடு அணைத்தபடி அப்படியே மடிந்து விழுந்தான். முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். நடிக்கிறான் என்று நினைத்தார்கள். அவன் போட்ட சத்தம் நடிப்பில் வராது என்று தெரிந்ததும் கைதட்டல் ஓய்ந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் வரவேண்டிய தன்னார்வலர்கள் நான்கு பேரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள், மூன்று பேர் சிவந்த கண்களோடு. கர்ப்பமாக இருந்ததால் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்த நான்காவது ஆள் டேனா, அவர்களை வாயில் வந்தபடி திட்டிவிட்டு, வயிற்றை ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்துக்கொண்டு தானே வண்டியை ஓட்டினாள். பின்னால் மார்லிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நல்லா வேணும்" என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. சொல்ல முடியவில்லை.

இந்த முறை தீவிர சிகிச்சைப் பிரிவு. மூக்கில் குழாய், வாயில் குழாய், கழுத்தில் குழாய். கணையத்தில் ஒரு பகுதி செத்தே போய்விட்டது. பல நாள் அவன் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவள் சொன்னதுதான் நடந்தது, ஊரே பார்த்தது. ஆனால் "நீ சொன்னது சரிதான், மார்லிஸ்" என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒருவன் மட்டுமே அதை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் இத்தனை வருஷம் எதிர்பார்த்தாள். அவன் வாயில் குழாய் இருந்தது.

அவன் கண் திறந்து, பேச்சு வந்து, சாதாரண வார்டுக்கு மாறிய பிறகு டாக்டர் தோர்சன் கட்டில் ஓரம் வந்து நின்றார். இனிமேல் சர்க்கரைக்கு ஊசி, சாப்பிடும்போதெல்லாம் கூடவே மாத்திரை, அது இல்லாவிட்டால் தின்ற கொழுப்பு அப்படியே வெளியே போகும் என்று விளக்கினார்.

"இனி பீர், ஒயின், பிராந்தி எதுவும் கிடையாது. ஒரு சொட்டுகூட."

"நான் தலையால அடிச்சுக்கிட்டேன், டாக்டர்," என்றாள் மார்லிஸ்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க புகை பிடிப்பீங்களா, மிஸஸ் குபிஷ்?"

"நான் குடிக்கறதே இல்லை."

"நான் அதைக் கேக்கல."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரோலி சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்தால் வயிறு கிழிகிற மாதிரி வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான்.

"நாப்பது வருஷமா ஊதறா, டாக்டர். கையில கிளாஸ் இல்லாததால இவ தேவதை."

"வாயை மூடு, ரோலி."

"கணையத்துல வர புத்துநோய்க்கு, நம்ம கையில இருக்கற காரணங்கள்ல பெரிசு சிகரெட்தான்," என்றார் டாக்டர், வானிலை சொல்கிற குரலில். "குடிக்காதவங்கன்னு அது பார்த்து விடறதில்லை. பிடிக்கற எல்லாருக்கும் வரும்னு சொல்லல. ஆனா வந்துட்டா, பெரும்பாலும் முத்தின பிறகுதான் தெரியும். வீட்டுல ஒருத்தர் பிடிச்சா இவரும் விட மாட்டாரு, அது வேற."

மார்லிஸ் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். பல் மருத்துவமனையில் எத்தனை டாக்டர்களைப் பார்த்திருக்கிறாள்! தன்னைப் போய் ரோலியோடு ஒரே தட்டில் வைத்துப் பேச இவளுக்கு என்ன துணிச்சல்! கை தானாகச் சிகரெட்டைத் தேடியது. மருத்துவமனை வளாகம் முழுக்கப் புகைக்கத் தடை. வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டி, சாலையோரப் பனிமேட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் நின்றிருந்தார். மருத்துவமனை அங்கி, மேலே கோட்டு, காலில் பிளாஸ்டிக் செருப்பு. மருந்துப் பை தொங்கும் கம்பியையும் உருட்டிக்கொண்டு வந்திருந்தார். குளிரில் அந்தக் கம்பியே நடுங்கியது. இப்படியும் ஒரு ஜென்மமா என்று மார்லிஸ் நினைத்தாள். நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கும். அந்த ஆள் அதைக் கவனிக்கவில்லை.

"நெருப்பு இருக்கா?" என்று கேட்டார். அவள் பற்றவைத்துக் கொடுத்ததும் நிம்மதியாக இழுத்தார். "உள்ள இருக்கறவங்களுக்கு என்ன தெரியும்? நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் தெரியும், இந்த அவஸ்தை."

நம்மள மாதிரி. மார்லிஸ் தன் கையைப் பார்த்தாள். நாக்கு நுனி வரை பதில் வந்தது: நான் குடிக்கறவ இல்ல. இந்த ஆள் அதைக் கேட்கவே இல்லையே. லைலின் கண்ணாடியில் தான் துடைத்த வட்டமும், அதற்குள் கிளாஸைத் தூக்கிக் காட்டிய புருஷனும், உள்ளே போகாமல் தான் நின்ற நிற்பும் நினைவுக்கு வந்தன. அன்றைக்கு அவனுக்குக் கிளாஸ் எப்படியோ, தனக்கு அந்த நிற்பு அப்படி இருந்தது. சுகமாக இருந்தது.

சிகரெட்டை முழுதாகப் பிடித்துத்தான் முடித்தாள். பாதியில் வீசி எறிகிற ரகம் அவள் இல்லை. பிறகு வார்டுக்குத் திரும்பிப் போய்க் கட்டில் ஓரம் நின்றாள்.

"நான் விட்டுட்டா நீயும் விடறியா?"

"நீயா?" ரோலி உதட்டைப் பிதுக்கினான். "ஒரு வாரம் தாங்க மாட்ட."

"நீ ஒரு நாள் தாங்க மாட்ட."

"பார்க்கலாமா?"

"பார்க்கலாம்டா, பார்க்கலாம்."

அவர்கள் கல்யாணத்தில் செய்த சத்தியத்தைவிட இதில் வேகம் அதிகம்.

வீட்டில் அதற்கப்புறம் நடந்தது யுத்தம். இருவர் தோளிலும் சிகரெட் ஏக்கத்தைத் தணிக்க ஒட்டும் நிக்கோடின் பட்டை. கதவு மூடுகிற சத்தம் குற்றம், மூச்சு விடுகிற சத்தம் குற்றம். வெள்ளிக்கிழமைப் பொரித்த மீனுக்குப் பதிலாக அவள் அடுப்பில் சுட்ட மீனை வைத்தாள். அட்டையில் எலுமிச்சை பிழிந்தது போல் இருக்கிறது என்றான் அவன். உன் கணையத்துக்கு அட்டைதான் லாயக்கு என்றாள் அவள். தோற்றுப்போனால் மற்றவர் முகத்தில் தெரியப்போகும் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது என்ற ஒரே காரணத்தால் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினார்கள். டாக்டர் தோர்சனிடம் ரோலி இதைச் சொன்னபோது அவர் முதல் தடவையாகச் சிரித்தார். வேலை செய்கிற மருந்தைக் கேள்வி கேட்பதில்லை என்றார்.

பனி உருகும் சமயத்தில் லைல் ஒரு பையோடு வந்தான். உள்ளே ஏதோ பழச்சாறு கலந்த புது மாதிரி பீர். "இதுல ஆல்கஹால் இருக்கறதே தெரியாதுடா. பொண்ணுங்க குடிக்கறது."

"அப்ப உன் பொண்டாட்டிக்குக் கொண்டு போ," என்றான் ரோலி.

"ஒரு வாய்தானே?"

"லைல், போன தடவையும் ஒரு வாய்தான்னு சொன்ன. டாக்டர் என் வயித்துல இருந்து எடுத்த சீழ் எவ்வளவுன்னு சொல்லட்டுமா? நீ இப்ப சாப்பிட்டுட்டுதானே வந்திருக்க?"

லைல் முகம் கோணினான். மார்லிஸ் சமையலறைக் கதவில் சாய்ந்தாள்.

"உன் வயித்தைக் கொஞ்சம் பாரு. மாடிப்படி ஏறினா ரயில் மாதிரி ஊதற. ரத்தத்தில கொழுப்பு எவ்வளவுன்னு போய்ப் பாருன்னு உன் டாக்டர் எத்தனை தடவை சொல்லியாச்சு?"

"பார்த்தாதான் இருக்கும். பார்க்கலைன்னா எதுவும் இல்லை," என்றான் லைல். நகைச்சுவையாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னான். பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். "ரெண்டு பேருக்கும் பரிசுத்தம் தலைக்கேறிடுச்சு. ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? குபிஷ் வீட்டுக்குப் போனா வெந்நீர்தான் கிடைக்கும்னு."

"வெந்நீரும் உனக்கு இல்ல," என்றாள் மார்லிஸ். கார் கிளம்புகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு இருவரும் அவனைப் பற்றி ஒருமணி நேரம் கேவலமாகப் பேசினார்கள். அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து பல வருஷம் ஆகியிருந்தது.

மே மாதத்தில் கோரினுக்கு நுரையீரலில் ஏதோ நிழல் தெரிகிறது என்று செய்தி வந்தது. அன்று சாயங்காலம் மார்லிஸ் காரேஜுக்குப் பின்னால் போய், சுவரோடு சுவராக நின்று, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தாள். பாதிகூடப் பிடித்திருக்க மாட்டாள், ரோலி வந்துவிட்டான். உடம்பு பாதியாக இளைத்திருந்ததால் அவன் நடக்கிற சத்தமே இப்போது கேட்பதில்லை.

அவள் சிகரெட்டை மறைக்கவில்லை. திட்டுக்காகக் காத்து நின்றாள்.

ரோலி ஏமாற்றவில்லை. "ஆஹா," என்று ஆரம்பித்தான். "தேவதைக்கு மூக்குல புகை வருது! ஒரு நாள் தாங்க மாட்டேன்னு நீ சொன்னியே, நான் நின்னுட்டேன், நீ? ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தியே. மான் தலைகூட உன்னைவிட மேல்." முப்பது வருஷப் பாக்கியை மொத்தமாகத் தீர்க்கிறவன் போலப் பேசிக்கொண்டே போனான். அவள் கேட்டுக்கொண்டே சிகரெட்டைச் சுவரில் தேய்த்து அணைத்தாள். அவனுக்கு மூச்சு வாங்கியது, சுவரில் சாய்ந்தான்.

"கோரினுக்காகவா?" என்று கேட்டான்.

"ம்."

அவன் சட்டைப் பையைத் துழாவி, சிகரெட்டுக்குப் பதிலாகத் தான் மெல்கிற நிக்கோடின் சூயிங்கத்தில் ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் வாயில் போட்டு மென்றாள்.

"கருமம், மிளகுத்தூள் போட்ட ரப்பர் மாதிரி இருக்கு."

"உன் மீனைவிடப் பரவாயில்ல."

"நாளையிலேருந்து மறுபடி ஒண்ணுல இருந்து நாள் எண்ணணும் நான்."

"எண்ணு. நான் பார்த்துக்கிட்டுதானே இருக்கப் போறேன்."

அவனுக்குச் சாப்பாட்டு நேரமாகியிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற ஊசியை அவன் இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் குத்திக்கொள்வான். "வா, பயந்தாங்கொள்ளி," என்று சொல்லிவிட்டு மார்லிஸ் முன்னால் நடந்தாள்.